வாண்டுக்கு எத்தனை ஸ்டாம்ப்?

20 ஸ்டாம்ப் போச்சு. புதுசாக வாங்கிய, கொடி போட்ட ஸ்டாம்ப். ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய்தான் என்று என் மனைவி தங்கமணி தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. அந்தக் கோர்ட்டில் அப்பீல் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

போன செவ்வாய் டெக்சாஸ் அண்ணன் வீட்டுக்குக் கொலு பொம்மை அனுப்பத் தபால் ஆபீஸ் போயிருந்தேன். கூடவே வாண்டு. கவுன்ட்டர் மேல் உட்காரவைத்துவிட்டு, பெட்டிக்கு இன்னொரு சுற்று டேப் ஒட்டித் திரும்புகிறேன், ஐயா நகர்ந்து நகர்ந்து தராசுக்கே போய்விட்டார். 38 பவுண்டு. உள்ளே இருந்த அம்மாள் சிரிக்காமல், "70 வரைக்கும் போகலாம், எங்கே அனுப்பணும்?" என்றார். அப்புறம், அந்தக் காலத்தில் நிஜமாகவே குழந்தைகளை அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒரு திரியைக் கொளுத்திப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சும்மா இருப்பேனா? அன்று ராத்திரி ஒரு மணி வரை அதே வேலை. பார்த்தால் அந்த அம்மாள் சொன்னது உண்மை!

1913 ஜனவரி ஒன்றாம் தேதிதான் அமெரிக்கத் தபால்காரர்கள் பெரிய பார்சல்களைச் சுமக்க ஆரம்பித்தார்கள். முதலில் 11 பவுண்டு வரைதான். அந்த மாதமே ஒரு அப்பா அம்மா தங்கள் கைக்குழந்தையைத் தபால்காரரிடம் கொடுத்துப் பாட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கே? நம்ம ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டிக்குப் பக்கத்து க்ளென் எஸ்டேயில்! குழந்தையின் எடை 11 பவுண்டுக்கு ஒரு இழை குறைவு. தபால் செலவு 15 சென்ட். 50 டாலருக்கு இன்ஷூரன்ஸ் வேறு. பாட்டி வீடு எவ்வளவு தூரம் என்கிறீர்கள்? ஒரு மைல். நடந்து போயிருக்கலாம். ஆனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு ஒரு மைல் நடப்பதற்கு 15 சென்ட் பரவாயில்லை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். யார் என்று நான் சொல்லமாட்டேன், தங்கமணி இதைப் படிப்பாள்.

அடுத்த வருஷம் ஐடஹோ மாநிலத்தில் இன்னும் பெரிய பார்சல். மே என்ற சிறுமி, ஆறு வயது நிறையவில்லை, எடை 48½ பவுண்டு. அதற்குள் வரம்பு 50 ஆகியிருந்தது. கோட்டில் 53 சென்ட்டுக்கு ஸ்டாம்ப் ஒட்டி, கிரேஞ்ச்வில்லிலிருந்து லூயிஸ்டனில் இருந்த பாட்டி வீட்டுக்கு ரயிலில் ஏற்றிவிட்டார்கள். 70 சொச்சம் மைல். டிக்கெட்டைவிட ஸ்டாம்ப் மலிவு, அவ்வளவுதான் விஷயம். தபால் வண்டியில் வேலை பார்த்தவர் சொந்தக்காரர் என்பதால் ஆள் துணையும் ஆயிற்று.

இந்த 50 பவுண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். கிட்டத்தட்ட 23 கிலோ. அதாவது நம்ம விமானப் பெட்டிக் கணக்கு! தங்கமணி ஊரிலிருந்து கிளம்பும்போது பாத்ரூம் தராசில் ஒவ்வொரு பெட்டியாக ஏற்றி 22.9 என்று வெற்றிப் புன்னகை பூப்பாள் பாருங்கள், அவளுக்கு முன்னோடி யூட்டா மாநிலத்தில் இருந்திருக்கிறார். 1916-ல் வெர்னல் என்ற ஊரில் பாங்கு கட்ட, சால்ட் லேக் சிட்டியிலிருந்து 80,000 செங்கல்லைத் தபாலிலேயே வரவழைத்தவர். சரக்கு வண்டி வாடகையைவிடத் தபால் மலிவு. 50 பவுண்டுக்கு மிகாமல் கட்டிக் கட்டி, டன் கணக்கில். ரயில், அப்புறம் மலைப்பாதையில் குதிரை வண்டி. தபால் இலாகா அலறியடித்துக்கொண்டு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 பவுண்டுக்கு மேல் கிடையாது என்று சட்டம் போட்டது. அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. நாம் சுமந்து வந்த கிரைண்டர் நிற்கிறதா? கல்லில் விரிசல்.

இதையெல்லாம் புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். அதுதான் தப்பு. ரசம் சாதத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வாண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறான்.

சனிக்கிழமை காலை வாசல் கதவு திறந்து கிடக்கிறது. படியில் குளிர் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறான். கோட்டில் 14 கொடி, நெற்றியில் ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, மீதி தாத்தா வாங்கிக் கொடுத்த யானை பொம்மைக்கு. யானையும் போகிறதாம்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"திருவானைக்காவல் பாட்டி வீட்டுக்கு. தபால் மாமா வருவார்."

1920-லேயே இதற்குத் தடை வந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். தபாலில் அனுப்ப அனுமதி உள்ள 'ஆபத்தில்லாத உயிர்ப் பிராணி' என்ற கணக்கில் குழந்தைகளைச் சேர்க்க முடியாது என்று இலாகா சொல்லிவிட்டது. நம்ம வாண்டைப் பார்த்திருந்தால் 'ஆபத்தில்லாத' என்ற இடத்திலேயே தள்ளுபடி செய்திருப்பார்கள். அவன் மடக்கினான்: "கோழிக்குஞ்சு மட்டும் இப்பவும் போகுதே?" போகிறது. அதையும் நான்தான் சொல்லியிருக்கிறேன்.

தபால்காரர் வந்தார். மேலும் கீழும் பார்த்தார். "ஸ்டாம்ப் சரி, விலாசம் எங்கே?" என்று கேட்டுவிட்டு, மின்சார பில்லைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

உதடு பிதுங்கியது. சரி, பாட்டியையே கேட்டுவிடுவோம் என்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே சாயங்காலம், விளக்கேற்றும் நேரம். நெற்றியில் கொடியோடு பேரனைப் பார்த்ததும் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எழுதிக்கோப்பா" என்றாள். கதவு எண், தெரு, பிள்ளையார் கோயில் எதிர்ச்சந்து, பின்கோடு வரைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவனுக்கு எழுத வராது. நான்தான் எழுதினேன், எனக்குத் தெரியாத விலாசம் மாதிரி.

"நான் எங்கேயும் போகலை கண்ணா, வீட்லதான் இருப்பேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்."