யோகோஹாமாவில் சாப்பாட்டுக்கடை வைத்த தளபதி

பிலிப்பைன்ஸ் புரட்சிக்காரர்களில் எனக்குத் தீராத ஆச்சரியம் அர்த்தேமியோ ரிகார்த்தே. பள்ளிக்கூட வாத்தியார், 1897-ல் ஸ்பெயினை எதிர்த்த புரட்சிப் படையின் தலைமைத் தளபதி.

ஸ்பெயினுக்குப் பிறகு நாட்டைப் பிடித்த அமெரிக்கர்கள் இவரைப் பிடித்துக் குவாம் தீவுக்கு அனுப்பினார்கள். 1903-ல் மணிலா வரை கூட்டிவந்து, அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் இறங்கலாம் என்றார்கள். கூட வந்த மாபினி, புரட்சி அரசின் முதல் பிரதமர், எடுத்துக்கொண்டார். (கால் செயலிழந்த மனுஷர், அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அடுத்த சில மாதங்களில் காலராவில் போய்விட்டார்.) ரிகார்த்தே முடியாது என்றார். கண்ணெதிரே ஊர், அவரை ஹாங்காங்குக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.

அதே வருஷக் கடைசியில் ரகசியமாகத் திரும்பி, அடுத்த வருஷம் பிடிபட்டு, ஆறு வருஷம் சிறை. மறுபடி நாடுகடத்தல். கடைசியில் ஜப்பானின் யோகோஹாமாவில் மனைவியோடு சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை நடத்தியிருக்கிறார்.

இவ்வளவு பிடிவாதக்காரர், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படையோடு சேர்ந்து ஊர் திரும்பினார். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. 1945 ஜூலையில், தோற்று ஓடிய அந்தப் படையோடு மலைக்காட்டில் சீதபேதியில் இறந்தபோது வயது 78.