டைகர் பார்ப் தொட்டியில் சண்டை அடங்கிய விதம்

துடுப்பு கிழிந்த மீனைப் பார்த்ததும் பலரும் முதலில் மருந்தைத் தேடி ஓடுகிறார்கள். கடிக்கிற மீன் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருக்கும்போது மருந்து ஊற்றி என்ன பயன்? டைகர் பார்ப் என்ற வண்ண மீனை வளர்க்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

அண்ணன் வேலை மாற்றலாகிக் கோவைக்குப் போனபோது தன் மூன்றடித் தொட்டியை என்னிடம் ஒப்படைத்தார். ஏறக்குறைய நூறு லிட்டர் பிடிக்கும். அதில் நான்கு டைகர் பார்ப்களும் ஓர் ஏஞ்சல் மீனும் இருந்தன. ஏஞ்சலின் வயிற்றுக்கடியில் இழைபோல நீண்டு தொங்கும் துடுப்புகள் இரண்டும் பாதியாகக் குறைந்திருந்தன. பார்ப்களில் சிறியதற்கு வாலின் ஓரம் கந்தலாகியிருந்தது. "பெரியதுதான் எல்லாவற்றையும் கடிக்கிறது. அதைக் கொஞ்ச நாள் தனியாக வைத்துப் பார்த்தேன். அடுத்தது கடிக்க ஆரம்பித்துவிட்டது" என்றார் அண்ணன்.

சென்னைக் கொளத்தூரில் நெடுங்காலமாக மீன் வளர்த்து விற்கும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நாலு மீனை வைத்தால் அப்படித்தான் தம்பி. குறைந்தது எட்டு, பத்தாவது இருக்க வேண்டும். நீளத் துடுப்பு மீனை முதலில் வெளியே எடுங்கள்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சுமத்ரா, போர்னியோத் தீவுகளின் ஓடைகளைச் சேர்ந்த இந்த மீன் கூட்டமாக வாழ்வது. யார் பெரியவர் என்பதைத் துரத்தியும் லேசாகக் கடித்தும் தங்களுக்குள்ளேயே முடிவு செய்துகொள்ளும். கூட்டம் பெரிதாக இருந்தால் அந்தக் கடிகள் பத்துப் பேருக்குப் பங்காகிவிடும். சிறிதானால் எல்லாம் ஒரே எளிய மீனின் மேல் விழும். அல்லது மெதுவாக நீந்தும் ஏஞ்சல், கௌராமி போன்றவற்றின் துடுப்பின் மேல் விழும்.

ஏஞ்சலையும் வால் கிழிந்த பார்பையும் அன்றே ஆளுக்கொரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். பெரிய தொட்டியின் தண்ணீரையே பாதிக்கு மேல் நிரப்பினேன். கூட்டமாக வாழும் மீனைத் தனியாக அடைத்தால் மிரண்டுபோகும் என்பதால் பார்பின் தொட்டிக்குள் ஒரு கொத்துச் செடி போட்டுப் பக்கங்களைத் துணியால் மறைத்தேன்.

காயத்தைப் படிக்கத் தெரிவது மருந்தை விட முக்கியம். கிழிந்த ஓரம் சுத்தமாக, கண்ணாடிபோல் இருந்தால் நல்ல தண்ணீரிலேயே வளர்ந்துவிடும். ஓரம் பால்வெள்ளையாக மாறி நாளுக்கு நாள் உள்ளே அரித்துக்கொண்டு போனால் அது துடுப்பு அழுகல். முதுகின் மேல் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு தெரிந்தால் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். அது வெதுவெதுப்பான நீரில் வேகமாகப் பரவும் என்பதால் ஹீட்டரை ஏற்றக்கூடாது. உப்பை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது, மீன் நோய் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

எங்கள் பார்புக்கு ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. லிட்டருக்கு இரண்டு கிராம் வீதம், எதுவும் கலக்காத கல் உப்பைக் கரைத்து ஒரே நாளில் மூன்று தவணையாக ஊற்றினேன். தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றும்போது, எடுத்த தண்ணீருக்கு உரிய உப்பை மட்டுமே சேர்க்க வேண்டும். முழுக் கணக்கையும் மறுபடி போட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றையும் போட்டேன். மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஃபில்டரில் அமோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாக்களையும் அது அழிக்கும்.

ஏஞ்சல் தேறியது. புதிதாக வளர்ந்த துடுப்பு முதலில் நிறமே இல்லாமல் தெளிவாக இருந்தது, பிறகு கருமை ஏறியது. இழைகளில் ஒன்று வளைந்தே வளர்ந்தது. அதை மறுபடி பார்ப்களோடு விடும் பேச்சுக்கே இடமில்லை; ஏஞ்சல் மட்டுமே வளர்க்கும் நண்பர் வீட்டுக்குப் போயிற்று. பார்ப் பிழைக்கவில்லை. வாலின் அடிச்சதை வரை கடி இறங்கியிருந்தது. துடுப்பு மட்டும் போனால் முளைக்கும், அடி போனால் முளைக்காது. அந்தச் சின்ன மீனுக்காக இன்றும் மனம் வருந்துகிறது.

பிறகு எட்டுப் புதிய பார்ப்களை வாங்கி, இரண்டு வாரத்துக்கு மேல் தனியாக வைத்துக் கவனித்தேன். பச்சை டைகரும் அதே இனம்தான், சேர்ந்தே கூட்டமாகும் என்பதால் அதிலும் மூன்று எடுத்தேன். பெரிய தொட்டியில் விடும் முன் கற்களையும் மரக்கட்டையையும் இடம் மாற்றி வைத்தேன். பழைய மீன்கள் தமக்கென்று பிடித்து வைத்திருந்த மூலைகள் அதோடு கலைந்தன. மாலையில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் புதியவற்றை விட்டேன். மீன் கூடினால் கழிவும் கூடும். அமோனியாவைச் சோதித்துக்கொண்டே தண்ணீர் மாற்றினேன். தீனியைச் சிறு சிறு பங்காக, தொட்டியின் இரு முனைகளிலும் போட்டேன்.

துரத்தல் நின்றுவிடவில்லை, நிற்கவும் நிற்காது. இரண்டு ஆண்கள், மூக்குச் சிவந்து, ஒன்றை ஒன்று சுற்றி வட்டமடித்துவிட்டு விலகிப் போகும். அது இயல்பு. தலையைக் கீழே சாய்த்து அசையாமல் நிற்பதைக் கண்டும் பயப்பட வேண்டாம், ஓய்வெடுக்கும்போது இந்த மீன் அப்படித்தான் நிற்கும். ஒரே மீன் தொடர்ந்து துரத்தப்பட்டு, தீனிக்கும் வராமல் மூலையில் ஒதுங்கினால் மட்டும் உடனே அதைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். அதற்காகவே கூடுதலாக ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பெரிய தொட்டியின் ஓரத்தில் எப்போதும் ஓடவிட்டிருக்கிறேன். அவசரம் என்றால் அதைத் தூக்கிச் சின்னத் தொட்டியில் வைத்தால் போதும், நல்ல பாக்டீரியா தயாராக இருக்கும்.