மூளை மிதக்கும் நீர்

ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளை, தன்னையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள தண்டுவட நீரில் மிதப்பதால் மண்டையோட்டுக்குள் சுமார் 50 கிராம் எடையுள்ளது போலவே தங்கியிருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது, நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. வளர்ந்த ஒருவரின் உடலில் இந்நீர் சுமார் 150 மில்லிலிட்டர்தான் இருக்கிறது. ஆனால் மூளையின் உள்ளறைகளிலுள்ள கோராய்டு பின்னல் என்ற நுண்குழாய்த் திசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் சுரப்பதாலும், பழைய நீர் இரத்தத்துக்குத் திரும்பிவிடுவதாலும், ஒரே நாளில் அது மூன்று நான்கு முறை புதிதாகிவிடுகிறது. திரும்பும் வழி அடைபட்டால் உள்ளறைகள் விரிந்து மூளையை அழுத்தத் தொடங்கும்.

இதைவிடவும் என்னை ஈர்ப்பது இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு. ஜெர்மானிய மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் 1885-இல் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் செலுத்தியபோது, மற்ற உறுப்புகளில் நிறம் ஏறியும் மூளை வெளுத்தே இருந்தது. மூளைத் திசு அச்சாயத்தைப் பற்றுவதில்லை என்று அவர் கருதினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-இல் தண்டுவட நீரிலேயே சாயத்தைச் செலுத்த, மூளையில் நிறம் ஏறியது. உடலின் பிற பகுதிகளில் ஏறவில்லை. ஆசிரியரின் கருத்தை ஒரே சோதனையால் மாற்றிய அந்த நேர்த்தியை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூளையின் நுண்குழாய்களுடைய உட்சுவர் செல்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருப்பதே இத்தடுப்பின் அடிப்படை. ஆக்சிஜன் எளிதில் கடக்கிறது. குளுக்கோஸ் அதற்கென அமைந்த புரதங்களின் வழியே செல்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் குறைந்துவிடும் டோபமைன் என்ற வேதிப்பொருளால் இத்தடுப்பைக் கடக்க இயலாததால்தான், அவர்களுக்கு, அமினோ அமிலங்களுக்கான வாயில் வழியே நுழைந்து மூளைக்குள் டோபமைனாக மாறும் லெவோடோப்பா தரப்படுகிறது.