‘எப்போது’ என்று கேட்டால் எப்போது என்று எழுதுங்கள்

யுபிஎஸ்சி மெயின்ஸைத் தமிழில் எழுதத் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில் வாரம் ஒரு மாதிரித் தேர்வு எழுதுவோம். ஒரு வாரம் வந்த கட்டுரைத் தலைப்பு: ‘எதிர்க்கட்சி அரசை எப்போது விமர்சிக்க வேண்டும்?’ பார்த்ததுமே தெம்பு வந்துவிட்டது. தினமும் டீக்கடையில் பேசுகிற விஷயம்தானே என்று மளமளவென எழுதினேன். 125க்கு 48 வந்தது.

திருத்தியவர் கேள்வியிலிருந்த ‘எப்போது’வைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, “இதற்குப் பதில் எங்கே?” என்று ஓரத்தில் கேட்டிருந்தார். தாளை மறுபடி படித்தேன். ஜனநாயகத்தின் தூண், மக்களின் குரல், ஆக்கபூர்வமான விமர்சனம் எல்லாம் இருந்தன. காலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விமர்சனம் ஏன் வேண்டும் என்பதையே பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தேன்.

அதற்கப்புறம் இந்தத் தலைப்பை நான் படித்த விதமே மாறியது. நாடாளுமன்றத்தில் விமர்சனத்துக்கு ஒரு கால அட்டவணையே இருக்கிறது. திடீரென்று ஒரு பெரிய சம்பவம் நடந்தால், மற்ற அலுவலை ஒத்திவைத்து அதை விவாதிக்கக் கோரும் ஒத்திவைப்புத் தீர்மானம் மக்களவையில் வரும். பழைய விவகாரத்துக்கு அது செல்லாது. அமைச்சகங்கள் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை வரும்போது, அந்தத் தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம். அதிலும் கொள்கையையே எதிர்ப்பவர், கேட்ட தொகையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்லுவார். குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்டிக்காட்ட விரும்புபவர் 100 ரூபாய் குறைக்கச் சொல்லுவார். அந்த 1 ரூபாய்க்குள் எவ்வளவு பெரிய மறுப்பு இருக்கிறது பாருங்கள்! பணம் செலவான பிறகு தணிக்கை அறிக்கை, அப்புறம் அந்த அறிக்கையை ஆராயும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு. 1967 முதல் அதன் தலைவர் பதவி எதிர்க்கட்சிக்குப் போவது மரபு. செலவுக்கு முன்னால், செலவின்போது, செலவுக்குப் பின்னால் என்று இதை வரிசையாக வைத்தாலே பாதிக் கட்டுரை வந்துவிடும்.

சிக்கலான இடம் போர்க்காலம். ‘நெருக்கடியில் எதிர்க்கட்சி அமைதி காக்க வேண்டும்’ என்று எல்லோரும் எழுதுகிறோம், நானும் எழுதியிருந்தேன். 1962 சீனப் போரைப் பற்றிப் படித்த பிறகு அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்டோபர் 20 அன்று சீனப் படை தாக்கியது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த வாஜ்பாய் போன்றவர்கள் நாடாளுமன்றத்தை உடனே கூட்டச் சொன்னார்கள். நேரு மறுக்கவில்லை. நவம்பர் 8 அன்று, எல்லையில் சண்டை ஓயாத நிலையிலேயே, அவை கூடியது. ராணுவம் ஏன் தயாராக இல்லை என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அதே அவை நவம்பர் 14 அன்று, ஆக்கிரமிப்பாளரை வெளியேற்றும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. நம் பக்கத்திலும் பாருங்கள்: அந்த ஆண்டு விலைவாசி உயர்வை எதிர்த்துப் போராடிச் சிறைக்குப் போன அண்ணா, போர் வந்ததும் நாட்டின் பாதுகாப்புக்குத் துணை நிற்பதாக அறிவித்தார். கணக்குத் தீர்க்கும் நாள் பிறகு வந்தது. 1963 ஆகஸ்டில் எதிர்க்கட்சி வரிசையிலிருந்த ஆச்சார்ய கிருபளானி நேரு அரசின் மீது கொண்டுவந்ததுதான் சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆதரவு 62, எதிர்ப்பு 347. தோற்கும் என்று தெரிந்தேதான் கொண்டுவந்தார்கள். அந்தச் சாக்கில் நாட்கணக்கில் விவாதம் நடந்தது, நேரு உட்கார்ந்து கேட்டுப் பதில் சொன்னார்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: போரின்போதும் தயார்நிலையைப் பற்றிக் கேட்கலாம், கேட்க வேண்டும், எதிரியின் முன் நாடு பிளவுபட்டு நிற்கிறது என்ற எண்ணம் வரவிடக் கூடாது, பதவி விலகு என்ற பேச்சுக்குச் சண்டை ஓயும்வரை பொறுக்கலாம். நீங்கள் இதை மறுக்கலாம். ஆனால் மறுப்பதற்கும் ஒரு தேதியும் ஒரு சம்பவமும் கையில் வேண்டும்.

தேர்வறையில் 3 மணி நேரத்தில் இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொற்கள். முதல் 10 நிமிடம் பேனாவை விடைப் பகுதிக்குக் கொண்டுபோகாதீர்கள். தலைப்பில் இருக்கும் கேள்விச் சொல்லை அடிக்கோடிட்டு, ஒவ்வொரு பத்தியும் அதற்கு என்ன சொல்லப் போகிறது என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் செய்தித்தாளைப் பார்த்து, யார், எந்த நாளில், எந்த விதியின் கீழ் எழுப்பினார் என்று நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டு கூட்டத்தொடருக்குள் உங்களிடமே உதாரணங்கள் நிறைய சேர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. எல்ஐசி பணத்தைத் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் போட்ட விவகாரத்தை எதிர்க்கட்சியின் வெற்றி என்று நண்பர்கள் பலர் எழுதுகிறார்கள். அதனால் 1958இல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகியது உண்மை. ஆனால் மக்களவையில் அதை விடாமல் கிளறிய பெரோஸ் காந்தி காங்கிரஸ்காரர், ஆளுங்கட்சி வரிசையில் இருந்தவர்.