ஐகான் மாத்தப் போயி பிஎஸ்பிய செங்கல் ஆக்கின கதை

போன மாசம் அக்கா பையன் ஒரு பழைய பிஎஸ்பி 3000-ஐ (சோனியோட கையடக்க கேம் மெஷின்) எங்கயோ தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்து "மாமா, இதுல கஸ்டம் ஃபர்ம்வேர் போட்டுக் குடுங்க"ன்னு நீட்டினான். கஸ்டம் ஃபர்ம்வேர்னா சோனி குடுக்கிற சிஸ்டம் சாஃப்ட்வேருக்குப் பதிலா வெளி ஆளுங்க மாத்தி எழுதினது. கையில வாங்கினதுமே எனக்கு 2010 தான் ஞாபகம் வந்துச்சு. அப்ப நான் பண்ணின கூத்த அவன்கிட்ட சொல்ல ஆரம்பிச்சு ராத்திரி பன்னெண்டு மணி ஆயிருச்சு, சரி எழுதியே வச்சிருவோம்னு இது.

என்னோடது பிஎஸ்பி 2006, அதாவது 2000 வரிசை ஸ்லிம் மாடல்தான், சிங்கப்பூர்ல விக்கிறதுக்கு அந்த நம்பர். சித்தப்பா 2008 பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்ப எடுத்துட்டு வந்தாரு. காலேஜ்ல ஒரு சீனியர் அண்ணன் இருந்தாரு, அவர்கிட்ட குண்டு பிஎஸ்பி, முதல்ல வந்த 1000 மாடல். அவர்தான் என்னோடதுல 5.00 எம்33-ங்கிற கஸ்டம் ஃபர்ம்வேர் போட்டுக் குடுத்தாரு. அது போடும்போது ஒரு பிரச்சனையும் இல்ல. பேட்டரி 75 சதவீதத்துக்கு மேல இருந்தாத்தான் அந்த இன்ஸ்டாலரே வேலை செய்யும், இல்லைன்னா முடியாதுன்னு சொல்லி வெளிய வந்துரும். சார்ஜர மாட்டி மேசை மேல வச்சிட்டு யாரும் தொடாதீங்கன்னு சொல்லி பக்கத்துலயே உக்காந்திருந்தோம், முடிஞ்சிருச்சு. அந்த பயம் இருந்த வரைக்கும் ஒண்ணும் ஆகல. பயம் போன பிறகுதான் ஆச்சு.

ஒரு வருஷம் நல்லா ஓடுச்சு. அப்புறம் மெனுவுல வர்ற ஐகான் எல்லாம் போரடிச்சுப் போச்சு. கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒரு ஐகான் செட் நெட்ல பாத்தேன், அது டாப்மெனு ப்ளகின்னு ஒரே ஒரு ஃபைல், அதத் தூக்கி ஃப்ளாஷ்0-ல பழைய ஃபைலுக்குப் பதிலா போட்டா போதும்னு எழுதியிருந்துச்சு. இந்த ஃப்ளாஷ்0 என்னன்னு தெரியாதவங்களுக்கு, பிஎஸ்பி உள்ள ஒரு மெமரி சிப் இருக்கு, குண்டு மாடல்ல 32 எம்பி, ஸ்லிம்ல 64 எம்பி. அதைப் பாகம் பாகமா பிரிச்சிருப்பாங்க. ஃப்ளாஷ்0-ல தான் மொத்த சிஸ்டமும், ஃப்ளாஷ்1-ல நம்ம செட்டிங்ஸ். ஃப்ளாஷ்1 கெட்டா நீலக் கலர் ஸ்க்ரீன்ல ஏகப்பட்ட பாஷையில செட்டிங் கெட்டுப் போச்சுன்னு வரும், ஒரு பட்டன அழுத்தினா சரி பண்ணிக்கும். ஃப்ளாஷ்0 கெட்டா ஒண்ணும் வராது. ஒண்ணுமே வராது.

ஆர் பட்டன அழுத்திப் பிடிச்சு ஆன் பண்ணினா எம்33-ல ரிகவரி மெனு வரும். அதுல அட்வான்ஸ்டு உள்ள போய் ஃப்ளாஷ்0-க்கு யுஎஸ்பி ஆன் பண்ணினா கம்ப்யூட்டர்ல பென் டிரைவ் மாதிரி ஒரு டிரைவா வந்து நிக்கும். பென் டிரைவ் மாதிரியே தெரியறதுதான் வினையே, அதனாலதான் நாமளும் அத பென் டிரைவ் மாதிரியே நினைச்சு இழுத்துப் போடறோம்.

பிஎஸ்பில அன்னைக்கு ஃபுல் சார்ஜ். அத நல்லா செக் பண்ணிட்டேன். கரண்ட் கட் டைம் கூட பாத்தேன், அந்த வருஷமெல்லாம் எங்க ஊர்ப்பக்கம் தினமும் கட்டு, எங்க ஏரியாவுக்கு மத்தியானம், அது முடிஞ்சு கரண்ட் வந்த பிறகுதான் உக்காந்தேன். எல்லாம் யோசிச்ச நான் ஒண்ண மட்டும் யோசிக்கல, எங்க வீட்டு யுபிஎஸ் பேட்டரி செத்து மூணு மாசம் ஆச்சு, அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரிதான் கிடந்துச்சு. ஃபைல இழுத்துப் போட்டேன், ஏற்கனவே இருக்கு மாத்தவான்னு விண்டோஸ் கேட்டுச்சு, எஸ் குடுத்தேன், அந்த பச்சைக் கோடு பாதி வந்திருக்கும், ஃபேன் நின்னுச்சு. மானிட்டர் அணைஞ்சுச்சு. சமையக்கட்டுல இருந்து அம்மா "இப்பத்தானடா வந்துச்சு, அதுக்குள்ளயா"ன்னாங்க.

இந்த இடத்தக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா முழுத் தப்பும் இங்கதான். அந்த நிமிஷம் பிஎஸ்பி சாகல. கையில ஃபுல் சார்ஜ்ல, ரிகவரி மெனு ஸ்க்ரீன்ல அப்படியே உயிரோட இருந்துச்சு. அந்த மெனு ஏற்கனவே ரேம்ல ஏறி ஓடிட்டு இருக்கு, அதுக்கு அப்போதைக்கு ஃப்ளாஷ்0 தேவையில்ல. நான் பேசாம அத ஆஃப் பண்ணாம அப்படியே வச்சிருந்து, கரண்ட் வந்ததும் மறுபடி யுஎஸ்பி போட்டு டிரைவ சரி பண்ணி பழைய ஃபைல திருப்பி வச்சிருந்தா தப்பிச்சிருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சுன்னு சீனியர் அண்ணன் அப்புறம் தலையில அடிச்சுக்கிட்டாரு. நான் என்ன பண்ணேன், பதட்டத்துல ஸ்ட்ரக் ஆயிருச்சோன்னு நினைச்சு, மெனுவுல எக்ஸிட்ட அழுத்தினேன். நானேதான் ரீஸ்டார்ட் பண்ணேன்.

பச்சை லைட் எரிஞ்சுச்சு. ஸ்க்ரீன் கறுப்பு. சில செகண்ட்ல லைட் அணைஞ்சுச்சு. மறுபடி போட்டேன், அதே. ஆர் பட்டன அழுத்திக்கிட்டு போட்டேன், அதே. பிரிக்குன்னு சொல்லுவாங்க, செங்கல். பேர் கரெக்டாத்தான் வச்சிருக்கானுங்க, செங்கலாவது சுவத்துக்கு ஆகும்.

ஐகான் ஃபைல் மட்டும் கெட்டிருந்தா ரிகவரி மெனுவாவது வந்திருக்கும், ஏன்னா அது மெயின் மெனுவுக்கு முன்னாடியே வர்றது. ஆனா விண்டோஸ் அந்த நேரத்துல எந்த ஃபைல் எங்க இருக்குன்னு எழுதி வைக்கிற அட்டவணையையே எழுதிட்டு இருந்திருக்கு, அது பாதியில அறுந்துருச்சு. வீட்டுல எல்லாச் சாமானும் இருக்கு, ஆனா எது எந்த ரூம்லன்னு யாருக்கும் தெரியாத நிலைமை.

டவுன்ல ஒரு கடைக்குக் கொண்டு போனேன். அந்தப் பையன் ஆன் பண்ணிப் பாத்துட்டு, கழட்டக் கூட இல்ல, "போர்டு போச்சுண்ணே, 3,500 ஆகும்"னான். வெளிய வந்து சீனியருக்கு போன் போட்டேன். அவரு முதல்ல கேட்ட கேள்வி, "நேண்ட் பேக்கப் எடுத்து வச்சிருக்கியா?" எடுக்கல. நேண்ட்னா அந்த மெமரி சிப்தான், அதோட முழு காப்பி, 64 எம்பி ஃபைல், மெமரி ஸ்டிக்ல ஒரு பத்துப் பாட்டு அளவு இடம், அதுக்கு நான் சோம்பேறித்தனம் பட்டிருக்கேன். அடுத்து கேட்டாரு, "ஐடி ஸ்டோரேஜ்ல எதாவது கை வச்சியா?" இல்லன்னேன். "அப்ப பொழைக்கும், வா"ன்னாரு.

ஐடி ஸ்டோரேஜ்னா அந்தச் சிப்புல இன்னொரு ஓரமா இருக்கிற பகுதி, அந்தந்த பிஎஸ்பிக்குன்னு தனியா உள்ள விஷயம், அதோட கீ, வைஃபை அட்ரஸ், எந்த நாட்டு மாடல்ங்கிறது எல்லாம் அதுல. ஃபர்ம்வேர திரும்பப் போட்டுரலாம், ஐடி ஸ்டோரேஜ் போனா பக்கத்து வீட்டு பிஎஸ்பில இருந்து காப்பி அடிச்சு ஒட்ட முடியாது. எங்க ஹாஸ்டல்லயே ஒருத்தன் ரீஜன் மாத்துறேன்னு அதுல கை வச்சு யுஎம்டி டிஸ்க் (பிஎஸ்பி கேம் வர்ற குட்டி டிஸ்க்) படிக்காம வைஃபையும் இல்லாம வச்சுக்கிட்டு சுத்திட்டு இருந்தான்.

இனிமே நடந்தது எனக்கு இன்னைக்கும் மேஜிக் மாதிரிதான். பிஎஸ்பி பேட்டரிக்குள்ள ஒரு குட்டி மெமரி இருக்கு, அதுல ஒரு சீரியல் நம்பர். அந்த நம்பர எல்லாமே எஃப்னு மாத்திட்டா, பிஎஸ்பி இது சர்வீஸ் சென்டர் பேட்டரி போலன்னு நம்பி, உள்ள இருக்கிற ஃப்ளாஷ தொடாம நேரா மெமரி ஸ்டிக்ல இருந்து பூட் ஆகும். 2007-ல இத கண்டுபிடிச்சு வெளிய விட்டாங்க, பண்டோரா பேட்டரின்னு பேரு. சீனியர்கிட்ட பழைய 1800 எம்ஏஎச் பேட்டரி ஒண்ணு சும்மா கிடந்துச்சு, அவரோட குண்டு பிஎஸ்பில போட்டு சாஃப்ட்வேர் வழியாவே நம்பர மாத்திட்டாரு. அப்படி மாத்த முடியாதவங்க பேட்டரிய பிரிச்சு சிப்போட ஒரு காலத் தூக்கி விடுவாங்களாம், லித்தியம் பேட்டரிய கத்தி வச்சுப் பிரிக்கிற வேலைக்கு நான் வரலப்பா.

மெமரி ஸ்டிக்கையும் அதுக்குத் தகுந்த மாதிரி ரெடி பண்ணணும், ஸ்பெஷலா ஃபார்மட் பண்ணி பூட் கோட எழுதணும். என்னோட 4 ஜிபி ஸ்டிக்ல பண்ணினோம். பேட்டரிய போட்டோம். ஸ்விட்ச தொடவே இல்ல, பேட்டரி உக்காந்த உடனே தானா பச்சை லைட் எரிஞ்சுச்சு! ஆனா ஸ்க்ரீன் கறுப்பு. ஸ்டிக் பக்கத்துல இருக்கிற ஆரஞ்சு லைட் மினுக்கவே இல்ல. மறுபடி ஃபார்மட், மறுபடி அதே. மூணு மணி நேரம் ஓடிப் போச்சு. கடைசியில அண்ணன் ஸ்டிக்க வெளிய எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "டேய் இது டூப்ளிகேட்டுடா"ன்னாரு, எழுத்து லேசா கோணலா இருந்துச்சு. நான் ஒரிஜினல்னு நினைச்சுத்தான் காசு குடுத்து வாங்கினேன்! அவரோட 1 ஜிபி ஒரிஜினல்ல போட்டு ரெடி பண்ணினோம்.

குண்டு பேட்டரி ஸ்லிம்ல முழுசா உக்காராது, மூடி போட முடியாது, பின்னாடி புடைச்சுக்கிட்டு நிக்கும். நான் கட்டை விரலால அத அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன், விரல எடுத்தா காண்டாக்ட் விட்டுரும்ங்கிற பயத்துல. இந்தத் தடவை ஆரஞ்சு லைட் மினுக்குச்சு. ஸ்க்ரீன்ல டெஸ்பெர்டார் டெல் செமென்டெரியோ மெனு வந்துச்சு, ஸ்பானிஷ்ல ஏதோ சுடுகாட்டுல இருந்து எழுப்புறதுன்னு அர்த்தமாம். 5.00 எம்33 இன்ஸ்டால்ங்கிறத செலக்ட் பண்ணிட்டு சதவீதம் ஏறுறத மூச்ச பிடிச்சுட்டுப் பாத்துட்டு இருந்தேன். அந்த சில நிமிஷத்துல என் கட்டை விரல் மரத்தே போச்சு. முடிஞ்சதும் பண்டோராவ எடுத்துட்டு என் பேட்டரிய போட்டு ஸ்விட்ச தள்ளினேன், அந்த அலை அலையான ஸ்க்ரீன் வந்துச்சு. உடனே அண்ணன் என்ன நகர விடல, முதல் வேலையா நேண்ட் பேக்கப் எடுத்து ரெண்டு சிடில எழுத வச்சாரு.

இதுல என் அதிர்ஷ்டம் என்னன்னா என் பிஎஸ்பி 2008 ஆரம்பத்துல வந்தது. அதே ஸ்லிம்லயே அப்புறம் வந்த டிஏ-088 வி3 போர்டுல இந்த பேட்டரி வித்தைய அடைச்சுட்டாங்க, 3000 மாடல்லயும் வேலை செய்யாது. வெளிய இருந்து பாத்தா ரெண்டு ஸ்லிம்மும் ஒண்ணுதான். ஒரு ஆறேழு மாசம் கழிச்சு வாங்கியிருந்தா நெஜமாவே செங்கல்.

அண்ணன் அன்னைக்கு இன்னொரு கதையும் சொன்னாரு. 2005-லயே ஃபர்ம்வேர கீழ இறக்கிக் குடுக்கிற டூல்னு சொல்லி ஒரு ஃபைல் சுத்துச்சாம், ஓட்டினா ஃப்ளாஷ்0-ல முக்கியமான ஃபைல்கள அழிச்சுட்டுப் போயிரும், வைரஸ் கம்பெனிக்காரங்களே அதுக்கு ட்ரோஜன்னு பேர் வச்சு எச்சரிக்கை விட்டாங்க. அப்பல்லாம் பண்டோராவும் கிடையாது.

சரி, அக்கா பையனோட 3000-க்கு வருவோம். அதுல கடைசி ஃபர்ம்வேர் 6.61, 2015 ஜனவரில வந்தது, அதுதான் இருந்துச்சு. நான் போட்டுக் குடுத்தது தற்காலிகமா ரேம்ல ஓடுற வகை. முழுசா ஆஃப் பண்ணினா போயிரும், மறுபடி ஆன் பண்ணும்போது மெனுவுல ஒரு ஐகான ஒரு தடவை ஓட்டணும், அவ்வளவுதான். "தினமும் ஓட்டணுமா மாமா, இன்ஃபினிட்டி போட்டா நிரந்தரமா இருக்குமாமே"ன்னான். இருக்கும்டா, ஆனா அது ஃப்ளாஷ்ல எழுதும், உன் பேட்டரி எப்படி இருக்குன்னு பாத்தியான்னு கேட்டேன். இப்ப கிடைக்கிறது எல்லாம் லோக்கல் பேட்டரி, 80 சதவீதம்னு காட்டிட்டு இருக்கும்போதே பொசுக்குனு அணைஞ்சுரும், அந்த 75 சதவீத செக் எல்லாம் அதுகிட்ட செல்லாது. ஒரிஜினல் பழசு வச்சிருக்கவங்களோடது உப்பிப் போயி மூடியே திறந்துக்குது. ஆஃப் பண்ணாம ஸ்லீப்ல போடுடா, ஓட்டவே வேணாம்னு சொல்லி விட்டுட்டேன். இப்ப 3000-ஐயும் எழுப்புறதுக்கு பேரியான் ஸ்வீப்பர்னு ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டரே சர்வீஸ் பேட்டரி மாதிரி நடிக்கும், ஆனா வயர் எல்லாம் பிடிச்சு பண்ற வேலை, வழி இருக்குங்கிற தைரியத்துல போய் விழுற அளவுக்கு அது சுலபம் கிடையாது.

கதை எல்லாம் கேட்டுட்டு பையன் ஒரே ஒரு கேள்வி கேட்டான், "அந்த ஐகான் என்ன மாமா ஆச்சு?"

அது வேற கொடுமை. பிஎஸ்பி பொழைச்ச மறுநாள் சீனியர்கிட்ட எதுக்காக இதெல்லாம் ஆச்சுன்னு மெதுவா சொன்னேன். சிஎக்ஸ்எம்பின்னு ஒரு ப்ளகின் இருக்கு, தீம மெமரி ஸ்டிக்ல இருந்தே எடுத்துக்கும், ஃப்ளாஷ்0-ல ஒரு எழுத்து கூட எழுதாது, பிடிக்கலைன்னா ஸ்டிக்க உருவிட்டா பழையபடி ஆயிரும், இது தெரியாதாடான்னாரு. அன்னைக்கு சாயங்காலமே போட்டேன், அதே கறுப்புக் கண்ணாடி ஐகான். வெயில்ல பாத்தா எது மியூசிக் எது கேம்னே தெரியல. ரெண்டு நாள்ல எடுத்துட்டேன்.