இது எங்காலை வந்தது, பிள்ளை?

2021 ஜூன், கொரோனாப் பயணத்தடை நாட்கள். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து ஒரு அம்மாவும் பேரனும் கடகத்தைத் துவாயால் மூடிக் கட்டிக்கொண்டு என் சிகிச்சை நிலையத்துக்கு வந்தார்கள். உள்ளே பத்து மாதக் கடுவன் பூனை, சிவலை. முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்க, வயிறு மட்டும் பானை மாதிரி வீங்கியிருந்தது.

முந்தைய வாரம் பேரன் தொலைபேசியில் சொன்னபோது, பூச்சியாக இருக்கும் என்று குளிசை சொல்லிவிட்டிருந்தேன். நேரில் பார்க்காமல் சொன்னது. பூனையை மேசையில் தூக்கி வைத்ததுமே அது பிழை என்று தெரிந்துவிட்டது. இப்போதும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

வயிற்றில் ஊசி போட்டு இழுத்தேன். மஞ்சள் நீர், விரலிடையில் நூலாக இழுபட்டது. ஒரு குழாயில் காய்ச்சி வடித்த தண்ணீர் எடுத்து, ஒரு துளி அசற்றிக் அமிலம் கலந்து, அதன்மேல் அந்த நீரில் ஒரு துளி விட்டேன். அது கரையவில்லை. கடலில் மிதக்கும் ஜெலிமீன் போல உருக்குலையாமல் மெல்லக் கீழே இறங்கியது. இதற்கு ரிவால்டா சோதனை என்று பெயர். துளி கரைந்துவிட்டால் எஃப்ஐபி (FIP) என்ற கொடிய பூனை நோய் பெரும்பாலும் இல்லை என்று நிம்மதியடையலாம். கரையாவிட்டால் அது மட்டுமே முடிவு அல்ல, ஆனால் வயதும் காய்ச்சலும் மெலிவும் சேர்ந்து வேறொன்றை நினைக்க இடம் தரவில்லை.

"தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில சிங்கத்துக்கும் வந்திட்டுதாம் எண்டு ரீவியில சொன்னவை. உவனுக்கும் கொரோனாவோ?" என்று அம்மா கேட்டார்.

"கொரோனாதான் அம்மா. ஆனால் ஆக்களின்ர கொரோனா இல்லை. பூனையளின்ர சொந்தக் கொரோனா."

"ஒரு மாசமா எங்கட படலை திறக்கேல்லை. இது எங்காலை வந்தது, பிள்ளை?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. புதிதாக எங்கிருந்தும் வரவில்லை என்பதுதான் உண்மை.

பல பூனைகள் வளரும் வீடுகளில் இந்த வைரஸ் அநேகமாக இருக்கும். குடலில் வாழும், மலத்தோடு வெளியேறி அடுத்த பூனைக்குப் போகும். கொஞ்சம் கழிச்சல் வரும், பல பூனைகளுக்கு அதுவும் வராது. கொரோனா வைரஸ்களின் மரபுச் செய்தி கிட்டத்தட்ட 30,000 எழுத்து நீளம். படியெடுக்கும்போது பிழை திருத்தும் நொதி ஒன்றும் அவற்றிடம் உண்டு. அப்படியிருந்தும் சில பிழைகள் தப்பிவிடும். தொற்றிய நூறு பூனைகளில் ஐந்து முதல் பத்து வரையானவற்றில், கலங்களைப் பற்றிக்கொள்ள வைரஸுக்கு உதவும் முள்புரதத்தில் நடக்கும் சிறு மாற்றங்களோடு வைரஸ் குடற்சுவரை விட்டு வேறு கலங்களில் குடியேறுகிறது. அவை கிருமிகளை விழுங்குவதற்கென்றே உள்ள வெண்குருதிக் கலங்கள். காவல்காரனின் தோளிலேயே ஏறி வைரஸ் உடல் முழுதும் சுற்றுகிறது. இரத்தக் குழாய்கள் அழன்று கசிகின்றன, வயிறு நிரம்புகிறது. ஆக, சிவலையைக் கொன்றது அவன் குட்டியாக இருந்தபோதே தாயிடமிருந்தோ கூடப்பிறந்ததுகளிடமிருந்தோ வாங்கிய சாதுவான ஒரு வைரஸ். அது அவன் உடலுக்குள்ளேயே மாறியிருக்கிறது.

இப்படி இடம் மாறுவதற்கு வைரஸ் எப்போதும் புதிதாக ஒன்றைப் பெற வேண்டியதில்லை. பன்றிக்குட்டிகளைக் கழிச்சலால் கொல்லும் ஒரு கொரோனா, முள்புரதத்தில் ஒரு துண்டை இழந்து சுவாசப்பைக்குப் போனது. 1984இல் பெல்ஜியத்தில் கண்டுபிடித்தார்கள். இடம் மாறியதும் அது சாந்தமாகிவிட்டது. ஒட்டகத்திலிருந்து மனிதருக்குத் தொற்றும் மேர்ஸ் என்ற கொரோனாவின் கதை இன்னொரு மாதிரி. அது பற்றிக்கொள்ளும் புரதம் ஒட்டகத்துக்கு மூக்குப் பகுதியில் இருக்கிறது, மனிதருக்கோ சுவாசப்பையின் ஆழத்தில். அதனால் ஒட்டகத்துக்குத் தடிமன், மனிதருக்கு நியூமோனியா.

கலிபோர்னியாவில் 31 பூனைகளுக்கு ஜிஎஸ்-441524 என்ற மருந்து கொடுத்துப் பெரும்பாலானவை பிழைத்த செய்தி 2019இலேயே வந்திருந்தது. கோவிட் நோயாளிகளுக்கு ஏற்றிய ரெம்டெசிவிரின் நெருங்கிய உறவு அது. அன்று அது என் கையில் இல்லை. மூன்றாம் நாள் சிவலை மூச்சுவிடத் திணறினான். அம்மா சம்மதித்த பிறகு ஊசி போட்டேன். அவன் தலையைத் தன் உள்ளங்கையில் ஏந்தியபடியே இருந்தார்.

"மற்ற ரெண்டுக்கும் தொத்துமோ?" என்று கேட்டார். தொற்றாது என்றேன். குடலை விட்ட வைரஸ் மலத்தோடு வெளியே வருவது அரிது என்பதே நாங்கள் படித்தது.

2023இல் சைப்பிரஸில் ஆயிரக்கணக்கான பூனைகள் இதே நோயில் செத்தன. அங்கே பூனைக் கொரோனா, நாய்க் கொரோனாவின் முள்புரதத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டிருந்தது. பூனையிலிருந்து பூனைக்கு நேரே பரவியது. அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் சொன்ன "தொற்றாது" எங்கள் ஊரில் அன்று சரிதான். ஆனாலும் அந்தச் சொல்லை அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது "பெரும்பாலும்" என்று சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த நாள் கொக்குவிலுக்கு அழைத்தேன்.

"டொக்டர் பிள்ளையோ? ரெண்டும் நல்லா இருக்குதுகள். கறுப்பி நாலு குட்டி போட்டிருக்கு."

குட்டிகளை மற்றப் பூனையோடு ஒரே மண் தட்டில் விட வேண்டாம், மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள் என்றேன்.

"அது சிவலை போன நாளில இருந்து செய்யிறன்," என்றார் அம்மா.