பிலிப்பு மாஸ்ரரும் மூழ்கிய கப்பலும்

எங்கள் வரலாற்று ஆசிரியருக்குப் பட்டப்பெயர் பிலிப்பு மாஸ்ரர். வைத்தது எங்களுக்கு முந்திய வகுப்பு. காரணம் 1619. யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயத் தளபதி பிலிப் ஒலிவேரா. அவன் பிடித்தது மூன்றாம் பிலிப் அரசனுக்காக. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலும் ஸ்பெயின் மன்னர் கையில்தானே. "பிடிச்சவனும் பிலிப்பு, பிடிப்பிச்சவனும் பிலிப்பு. அங்கால பிலிப்பைன்சுக்குப் பேர் குடுத்தவன் இவன்ர தேப்பன்" என்று மேசையில் தட்டுவார். சோதனைக்கு வராத விஷயம் என்று நாங்கள் கொட்டாவி விடுவோம்.

கப்பலில் என்ஜினியராக வேலை பார்த்த காலத்தில், 2002இல், மணிலாவில் இரண்டு நாள் தரித்தோம். மழைக்கு ஒதுங்கித்தான் தேசிய அருங்காட்சியகத்துக்குள் போனேன். உள்ளே சான் தியேகோ. 1600 டிசம்பர் 14இல் மூழ்கி, 1991இல் கண்டெடுக்கப்பட்ட கப்பல். சீனப் பீங்கான், சாடிகள், வெண்கலப் பீரங்கிகள் என்று 34,000க்கு மேற்பட்ட பொருட்கள் மேலே வந்தன. அதை நடத்திப் போனவர் மாலுமி அல்ல, ஒரு சட்டத்தரணி!

அந்தோனியோ தெ மோர்கா. 1559இல் செவில் நகரில் பிறந்து, சட்டம் படித்துப் பட்டம் பெற்று, 1595இல் ஸ்பானியர் ஆண்ட மணிலாவுக்குத் துணை ஆளுநராக வந்தவர். 1598இல் அங்குள்ள உயர்மன்ற நீதிபதி. ஒலிவியே வான் நூர்ட்டின் டச்சுக் கப்பல்கள் குடாவின் வாசலில் வந்து நின்றபோது, கடற்சண்டையே அறியாத இந்த நீதிபதியைத் தளபதியாக அனுப்பினார்கள். செபுவில் கட்டிய வணிகக் கப்பலொன்றில் ஆளையும் பீரங்கியையும் திணித்துக்கொண்டு போனார். எதிரிக் கப்பலில் ஏறிக் கொடியையும் பறித்தாயிற்று. ஆனால் தன் கப்பல் தாண்டுபோனது. 300 பேருக்கு மேல் செத்தார்கள். வான் நூர்ட் தப்பி, உலகைச் சுற்றி முடித்து 1601இல் ரொட்டர்டாம் போய்ச் சேர்ந்தார்.

மோர்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெக்சிக்கோவுக்கு மாற்றம், 1609இல் அங்கேயே பிலிப்பைன்ஸ் பற்றிய நூலை அச்சிட்டார். தோல்வி அதில் வெற்றிபோல இருக்கும். 1615 முதல், இன்றைய எக்குவடோரில் உள்ள கீட்டோ உயர்மன்றத் தலைவர். அங்கே பட்டுக் கடத்தல், வீட்டில் சூதாட்டம் என்று விசாரணை. ஆனாலும் 1636 வரை பெரும்பாலும் ஆள் பதவியில்தான்.

லண்டனுக்குக் குடிவந்த பிறகுதான் மற்றக் கதை தெரிந்தது. 1888இல் பிலிப்பைன்சின் தேசிய வீரர் ஹோசே ரிசால் இதே ஊரில், பிரிட்டிஷ் மியூசியத்தில் குந்தியிருந்து அந்த நூலைக் கையால் பிரதி பண்ணினார். தன் குறிப்புகளோடு 1890இல் பாரிசில் வெளியிட்டார். ஸ்பானியர் வருமுன் தம் மக்களுக்கு உழவும் கப்பல் கட்டும் தொழிலும் இருந்ததற்கு, ஸ்பானிய அதிகாரியையே சாட்சிக்கு இழுத்துவிட்டார். எனக்கு மோர்காவின் போரை விட இந்த வேலைதான் பெரிதாகப் பட்டது.

மாஸ்ரருக்கு எல்லாவற்றையும் நீட்டி எழுதினேன். கப்பல் தாண்டதும் பகைவரின் கொடிகளோடு நாலு மணித்தியாலம் நீந்தித் தீவொன்றில் கரையேறியதாக மோர்கா சொல்வதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. சுகம் விசாரித்திருந்தார்; கண்புரை வெட்டினதைச் சொன்னார். கடற்கரை ஊரில் பிறந்தவர். அடியில், நடுங்கும் எழுத்தில் இரண்டு வரி:

"தம்பி, கொடிச்சீலை நனைஞ்சால் என்ன பாரம் இருக்கும்? சுமந்துகொண்டு நாலு மணித்தியாலம் நீந்தேலுமோ எண்டு உன்ர கப்பல்காரரிட்டக் கேட்டு எழுது."